மாமாவின் கேமராவுக்கு ஊதிய திருநீறு

பிள்ளைகள் பயந்தாலும் காய்ச்சலில் பிதற்றினாலும் அம்மா முதலில் தேடுவது திருநீற்றுத் தட்டைத்தான். நெற்றியில் பூசி, மிச்சத்தை முகத்தில் ஊதிவிடுவாள். என் பிள்ளைகளுக்கு நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். சாமி காரியத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் மாமாவின் கேமரா விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. தாயில்லாத அவரை வளர்த்ததே அம்மாதான். தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், சொந்தமாக டிஜிட்டல் கேமரா வாங்கினார். குற்றாலத்தில் ஒரு கல்யாணம். அவர் தனியாக எடுத்த முதல் ஆர்டர். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, லென்ஸைக் கழற்றித் துடைத்தார். உள்ளே ஒரு தூசி போனாலும் எல்லாப் படத்திலும் புள்ளி விழுமாம். அந்தப் புழுக்கத்தில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போனார்.

திறந்து கிடந்த கேமராவை அம்மா பார்த்தாள். திருஷ்டி பட்டுவிடக் கூடாதே என்று ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, அதற்குள் ஊதினாள்.

மாமா திரும்பி வந்ததும் முகம் மலர்ந்து சொன்னாள்: "விசுவநாதர் திருநீறுலே, உள்ளயே ஊதிருக்கேன். இனி ஒனக்கு ஒரு கொறையும் வராது."

மாமா கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். "சரிக்கா" என்றார். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, தூசி ஊதும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்துக்கொண்டே இருந்தார். தட்டில் சோறு ஆறிப்போனது.

படங்கள் வந்தபோது, ஒன்று விடாமல் மேலே மங்கலாய்ப் புள்ளிகள். பெண்ணின் அப்பா முகத்துக்கு நேரே சத்தம் போட்டாராம். இளைய மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டார்.

"ஏலே, என்ன இது புள்ளி புள்ளியா?" என்று கேட்டாள் அம்மா.

"அருவிச் சாரல்க்கா. லென்ஸ்ல தெறிச்சிட்டு."

"மண்டபத்துக்குள்ள எப்படி மாமா சாரல் வரும்?" என்றேன் நான்.

"ஏட்டி, குத்தாலத்துச் சாரல் எங்கனயும் வரும். போ, போய்ப் படி."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லவேளை, திருநீறு ஊதுனதால இதோட போச்சு!"

"ஆமாக்கா" என்றார் மாமா.

மாமா பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வளர்த்த அக்காவிடமே பொய்! அந்த வெள்ளிக்கிழமை கோயிலில், மாமாவை மன்னித்துவிடு சாமி என்று அழுதே விட்டேன். எதை மன்னிப்பது என்று சாமிக்குத்தான் விளங்கியிருக்காது.