குதிரைக்காரர் வாங்கிய ஹெல்மெட் கேமரா

இருபத்திரண்டு வருடம் குதிரைகளோடு இருந்தவருக்கு மனிதர்களோடு இருப்பது அவ்வளவாகக் கைவரவில்லை. குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போனால் உதை நிச்சயம். அதனால் யாருக்குப் பின்னால் போனாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார். தபால் ஆபீஸ் வரிசையில்கூட, "வந்துட்டேன்மா, பின்னாடிதான் நிக்கிறேன், பயப்படாதே" என்பார். முன்னால் நிற்கிற பெண் கைப்பையை இறுக்கி அணைத்துக்கொள்வாள். அவருடைய மனைவி ஓடிவந்து, "இவரு குதிரைக்காரரும்மா, ஒண்ணும் பண்ண மாட்டாரு" என்று சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊருக்கு வெளியே இருக்கிற குதிரையேற்றப் பள்ளியில்தான் அவருக்கு வேலை. தீனி போடுவது, லாயம் கழுவுவது, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு குதிரையையும் பாதையில் இரண்டு சுற்று ஓட்டிப் பழக்குவது. எல்லாக் குதிரையும் அவருக்குப் பிள்ளைதான். ஆனாலும் சீமாட்டி என்கிற சிவப்புக் குதிரை மேல் ஒரு பிடி பாசம் கூடுதல். ஆண்டவன் அவளைப் படைக்கும்போது அவசரப்படாமல் உட்கார்ந்து படைத்திருக்கிறான் என்பார்.

அந்தச் சீமாட்டிக்குத்தான் சோதனை வந்தது. பாதையில் மூன்றாவது வளைவு வந்ததும் அவள் அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றுவிடுகிறாள். மேலே இருப்பவர் நிற்பதில்லை. அவள் வெளியாட்களை ஏற்ற ஆரம்பித்த ஒரே மாதத்தில் ஒரு பல் டாக்டர், ஒரு பாங்க் அம்மா, கல்யாணத்துக்கு முன் குதிரையில் போட்டோ எடுக்க வந்த மாப்பிள்ளை என்று மூன்று பேர் அவள் கழுத்துக்கு மேலே பறந்து போய் புல்லில் விழுந்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை, அது கடவுள் புண்ணியம்.

மேனேஜரம்மா கூப்பிட்டு விசாரித்தார். "அண்ணே, தினமும் நீங்கதானே ஓட்டுறீங்க. உங்ககிட்ட அங்க நிக்கிறாளா?"

"ஒரு நாளும் நின்னதில்ல மேடம். சத்தியமா. அங்க எதையோ பார்த்து மிரள்றா. நாயோ, கிழிஞ்ச பிளாஸ்டிக் பையோ..."

"சத்தியத்தை வச்சு நான் என்ன பண்றது? சனிக்கிழமை ஆள் வந்து அவளை வாங்கிட்டுப் போறாங்க. அதுக்குள்ள என்ன ஏதுன்னு காட்டுங்க, பார்க்கலாம்."

வாங்க வருகிறவர் கல் குவாரிக்கு வண்டி இழுக்கக் கொண்டுபோகிறார் என்று குதிரைக்காரர் கேள்விப்பட்டார். அன்று சாயங்காலமே ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். தலையில் கேமரா மாட்டினால் சீமாட்டி பார்ப்பதை அது பார்த்துவிடும் என்பது அவர் கணக்கு.

கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். "இது தண்ணிக்குள்ள அறுபது அடி வரைக்கும் போகும் சார்."

"குதிரை அவ்வளவு ஆழத்துக்குப் போகாதுங்க."

விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம். அதைத் தொட்டதற்கே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது மலிவுதான். பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஏதோ ஒரு பாஷையில் ஓங்கி அறிவித்தது. ஓரத்தில் சிவப்பு விளக்கு வேறு மின்னியது.

"இந்தப் பொண்ணைப் பேசாம இருக்கச் சொல்ல முடியாதா?"

"முடியாது சார். ஆன் பண்ணா பேசும், ஆஃப் பண்ணாலும் பேசும்."

"அப்ப வேணாம். குதிரை இதைக் கேட்டு மிரண்டா நான் அடுத்த ஊர்லதான் இறங்குவேன்."

மூன்றாவது, தீப்பெட்டி அளவுதான். பேசவில்லை, மின்னவில்லை, கனமும் இல்லை. படத்தைப் பார்க்கத் திரை மட்டும் கிடையாது. போனில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். விலையும் கைக்கு அடக்கம்.

"ஆட்டம் தாங்குமா?"

"பைக்ல போறவங்க நிறைய பேரு வாங்குறாங்க சார்."

"பைக்குக்கு நடை ஒண்ணுதான். குதிரைக்கு நடை வேற, துள்ளோட்டம் வேற, பாய்ச்சல் வேற. சோதிச்சுப் பார்த்துடலாமா?"

கடைக்காரர் தலையாட்டிவிட்டார், பாவம். குதிரைக்காரர் ஹெல்மெட்டை மாட்டி, கேமராவைப் பொருத்தி, இல்லாத கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பிரிட்ஜ் வரிசையைச் சுற்றி ஒரு தடவை நடை. வாஷிங் மிஷினைச் சுற்றி ஒரு தடவை துள்ளோட்டம். போன் உறை வாங்க வந்த ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "வலப்பக்கம் வர்றேன், பயப்படாதீங்க!" என்று அவரைத் தாண்டிப் பாய்ச்சலில் போய், "ஹோ... ஹோ..." என்று தன்னைத் தானே அதட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு வருஷமா இவருக்குப் புல்லு போடாம சோறு போட்டேனே" என்றாள் மனைவி.

கடைக்காரரின் போனில் போட்டுப் பார்த்தார்கள். பிரிட்ஜ்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. மனைவி ஹெல்மெட்டை வாங்கிக் கேமராவைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பட்டென்று கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, இழுக்காதீங்கம்மா. அந்தக் கிளிப் கொஞ்சம் லூசு."

"அதுதான் வேணும். விழும்போது கழண்டு ஓடிடணும். மண்டையோட ஒட்டிக்கிட்டு நின்னா இவரு கழுத்து என்னத்துக்கு ஆகும்? இதையே கட்டுங்க."

மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு சுற்று ஓட்டினார். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துப் படம் பார்க்க உட்கார்ந்தார்கள்.

சீமாட்டியின் இரண்டு காதுகள் தெரிந்தன. வேலி ஓடியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. குதிரைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவு வந்தது. நாய் இல்லை, பை இல்லை. மரங்கள் விலகி வானம் மட்டும் அகலமாகத் தெரிந்தது. சீமாட்டி நின்றாள்.

"பார்த்தியா, நின்னுட்டா!" என்று துள்ளினார்.

படம் மெதுவாகக் கீழே குனிந்தது. பிடரி தெரிந்தது. அதற்கு முன்னால் கூப்பிய இரண்டு கைகள் தெரிந்தன. அவருடைய கைகள்தான். அவருடைய குரலும் கேட்டது: "ஆண்டவனே, இந்த வாயில்லா ஜீவன் இங்க எதுக்கு நிக்குதுன்னு நீதான் எனக்குக் காட்டிக்கொடுக்கணும்."

மனைவி போனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "காட்டிட்டாரு" என்றாள்.

குதிரைக்காரர் படத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். தினமும் கடைசியாக ஓட்டுவது சீமாட்டியைத்தான். வானம் திறந்திருக்கிற இடம் என்று, எந்தக் காலத்திலோ அவள் மேலிருந்தபடியே அங்கே ஒரு கும்பிடு போட ஆரம்பித்திருந்தார். மூச்சு விடுகிற மாதிரி அது ஆகிப்போனது. நிற்கிறோம் என்கிற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை. சத்தியம் வேறு பண்ணிவிட்டார்.

"இதைக் காட்டினா வேலை போயிடும்டி. மூணு பேரை விழ வச்சது நான்தான்னு ஆயிடும்."

"காட்டலைன்னா அவ கல்லு இழுக்கப் போவா. யாரு பண்ண தப்புக்கு?"

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரம்மா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் மேஜை மேல் இருந்த பேப்பர்களை அடுக்கினார்.

"அண்ணே, அந்தப் பல் டாக்டர் இன்னும் கழுத்தைத் திருப்ப முடியாம இருக்காரு."

"நானே போய் மன்னிப்புக் கேக்குறேன் மேடம். அவ மேல குத்தம் இல்ல. சொன்னபடி கேட்டா, அவ்வளவுதான். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

"உங்களை அனுப்பிட்டா அவளை யாரு மாத்துறது? நீங்க பழக்குனதை நீங்கதான் மறக்கடிக்கணும். அவ ஒழுங்கா ஓடுற வரைக்கும் ஒருத்தரையும் ஏத்த மாட்டேன். குவாரிக்காரரை வரவேணாம்னு சொல்லிடுறேன்."

சனிக்கிழமை மேனேஜரம்மாவே வேலியோரம் வந்து நின்றார். குதிரைக்காரர் உதட்டை இறுக்கி, கண்ணை அகலத் திறந்து, கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவில் சீமாட்டி நின்றாள். அவர் குதிகாலால் அழுத்தினார், நாக்கைச் சொடுக்கினார், "போம்மா, என் கண்ணு இல்ல" என்று கெஞ்சினார். அவள் ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன அண்ணே, என்னாச்சு?"

"இன்னும் கும்பிடு முடியலன்னு நிக்கிறா மேடம்."

மேனேஜரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "சரி, இன்னைக்கு ஒரு நாள் கும்பிட்டுடுங்க. நாளையிலருந்து லாயத்துலயே முடிச்சுட்டு வாங்க."

குதிரைக்காரர் கடிவாளத்தை விட்டுவிட்டுக் கைகூப்பினார். அவர் வாய் முணுமுணுத்து முடித்ததும், யாரும் சொல்லாமலே சீமாட்டி நடக்க ஆரம்பித்தாள்.