இரண்டு தரம் இறந்தவர்

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெல்பேர்னில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆயத்த வகுப்பில் படித்தபோது, இங்கே வந்து குடியேறிய ஒருவரின் வாழ்க்கையை எழுதி வாசிக்கச் சொன்னார்கள். அதில் தேறினால்தான் இடம். அந்த நகரின் ஓரத்தில், ஸ்பிரிங்வேலில் எங்கள் தெரு மண்டபத்துப் பித்தளைத் தகட்டில் ஒரு பெயர் இருந்தது. வேல்ஸ் நாட்டுப் பெயர். அதையே எடுத்தேன்.

தேடினால் மனிதர் எங்கும் இருந்தார். சுரங்கத்தில் தொழிற்சங்கம் நடத்தினார், சிட்னியில் பாராளுமன்றம் போனார், தேவாலயத்துக்குப் பாட்டுக் கட்டினார். ரக்பியும் விளையாடினார். வியந்தேனே தவிர சந்தேகப்படவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தன் பெயரோடு வரும் மற்றப் பெயர் தகப்பனுடையது. அகதி முகாம் பதிவிலும் விசாப் படிவத்திலும் இரண்டும் பொருந்தினால் ஆள் ஒன்றுதான். பிறந்த, இறந்த ஆண்டுகள் ஒன்றோடொன்று இடித்ததும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாவுக்கே மூன்று கடதாசியில் மூன்று பிறந்த திகதி.

எழுதியதைக் குசினியில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினா.

"பிள்ளை, இந்தாள் ரெண்டு தரம் செத்தவரே?"

"அது பதிவுப் பிழை அம்மா. உங்களுக்கு விளங்காது."

வகுப்பில் வாசித்து முடித்ததும் விரிவுரையாளர் தாள்களை வாங்கிப் புரட்டினார். பிறகு, இது நாலு பேர் என்றார். அந்தப் பெயரில் வேல்ஸில் ஊருக்குப் பத்துப் பேராம். மற்றப் பெயர் தகப்பனுடையதும் இல்லையாம், பரம்பரையாக வருவதாம். திருத்தி எழுத ஒரு கிழமை தந்தார்.

நாலு பேரையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். ஒருவருமே மெல்பேர்ன் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் தகட்டில் இருப்பது யார்? மண்டபத்தில் விசாரித்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா, "இப்ப எத்தினை பேர் செத்திட்டினம்?" என்று கேட்டா. எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

கடைசி நாள்வரை குழம்பிவிட்டு, நான் எப்படிப் பிழைவிட்டேன் என்பதையே எழுதினேன். முகாம் பதிவு, அப்பாவின் மூன்று திகதிகள், நாலு பேர், ஐந்தாவதாக யாரென்று தெரியாத ஒருவர். அம்மா கேட்ட கேள்வியை முதல் வரியாக வைத்தேன்.

தேறிவிட்டேன். இடமும் கிடைத்தது. இன்றும் அந்தத் தகட்டைக் கடக்கும்போது நன்றி சொல்ல வாய் வரும். எவருக்கென்றுதான் தெரிவதில்லை.