லைனில் விலைபோகாத ராகி அடை

சுயதொழில் பயிற்சியின் முதல் நாளே பயிற்றுநர் எங்கள் ஊரைச் செத்த ஊர் என்றார். பெங்களூரிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், குணத்தில் நல்லவர்தான். தங்கச் சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, இங்கே வாங்க ஆளில்லை, வெளியூரில் விற்கிற மாதிரி ஏதாவது யோசியுங்கள் என்று சொல்ல வந்தவர் அந்த வார்த்தையில் ஆரம்பித்துவிட்டார். சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்பட்டு வந்த இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“செத்த ஊருன்னா தினம் காலைல பெங்களூரு ரயிலு நிக்கக்கூட எடமில்லாம போவுதே, எப்டி சார்? பொணம்லாம் பாஸ் எடுத்துக்கினா போவுது?”

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பிப் பலகையில் எழுதினார்: ஊறுகாய், மெழுகுவர்த்தி, பினாயில்.

அந்த ரயிலில் பதினோரு வருஷம் போனவள் நான். பெங்களூரில் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிற மெஷின் என்னுடையது. மைசூர் மைன்ஸ் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதே ரயில்தான், ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைக்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஆனால் அவர் சொல்வார்: “ஞாயித்துக்கெழம வர ஏன் இவ்ளோ லேட்டாவுது? அதுவும் பங்காருபேட்டைல இன்ஜின் மாத்திக்கினு நிக்குதா?” இந்த மாதிரிப் பேச்சுகள்தான் எனக்குப் படிப்பு. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி.

ஒருநாள் காலர் துணியைப் பார்த்தபோதே குமட்டியது. இனி முடியாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெங்களூரில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். “ரெண்டு வாரம் லீவு போடு. அந்த ட்ரெயினிங்குக்குப் போ. ஆவலைன்னா திங்கக்கெழம பேசாம என்கூட ரயில் ஏறு,” என்றார். கம்பெனி சூப்பர்வைசரும் அதே திங்கட்கிழமையைத்தான் கெடுவாக வைத்தார். அன்றைக்கு மெஷினில் நான் இல்லையென்றால் வேறு ஆள்.

எனக்கு மெழுகுவர்த்தி வேண்டாம், ராகி அடைதான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு மெல்லிசாகத் தட்டியது. சட்னி தேவைப்படாதபடி காரத்தை உள்ளேயே வைத்துவிடுவேன். படிவத்தில், ‘உங்கள் பொருளில் புதுமை என்ன?’ என்று கேட்டிருந்தார்கள். ‘ஒரு கையால் சாப்பிடலாம்’ என்று எழுதினேன். பயிற்றுநர் புருவத்தைத் தூக்கினார். கூட்ட ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும் என்பது பைக்கில் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது சர்வே. இருபது வீட்டுக்குச் சாம்பிள் கொடுத்து, விற்றால் வாங்குவீர்களா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறித்து வரவேண்டும். நான் எங்கே போவேன்? எங்கள் லைனுக்கே போனேன். கிண்ணத்தில் இரண்டிரண்டு அடை வைத்து வீடு வீடாகக் கொடுத்தேன். “சூப்பர்மா”, “ஓட்டல்லாம் பிச்சை வாங்கணும்”, “வாங்காம இன்னா, தெனமும் வாங்குவேன்” என்றார்கள். இருபதுக்கு இருபது ஆம். வகுப்பில் பயிற்றுநர் எனக்குக் கைதட்டச் சொன்னார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை சோதனை விற்பனை. லீவு நாளாகவும் இருந்தது, லைன் முழுக்க ஆட்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மேசை போட்டு அறுபது அடையை அடுக்கினேன். பயிற்றுநர் குறிப்பேட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கடைசி வீட்டு அம்மா வந்தார். நான் அன்றைக்குச் சாம்பிள் கொடுத்த கிண்ணம் அவர் கையில், நிறைய சுண்டல். “வெறும் கிண்ணமா எப்டிக் குடுக்கறது, இந்தா,” என்று மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு அடையை எடுத்துக் கடித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்தவர் வெல்லம் கொண்டுவந்தார். அதற்கடுத்தவர் கருவாட்டுக் குழம்பு. மதியம் ஆவதற்குள் மேசையில் என் அடை குறைந்து ஊர்ச் சாப்பாடு நிறைந்துவிட்டது. விற்றது ஒன்றுகூட இல்லை. பயிற்றுநர் சுண்டலைச் சாப்பிட்டபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் கேட்டே விட்டேன். “நீயே டிக் போடச் சொன்னியே அக்கா, வாங்குறேன்னு?”

“நீ வந்து கேட்டா வாணாம்னா சொல்லுவாங்க? ஏம்மே, உன்னாண்ட நான் காசு குடுத்து அடை வாங்குனா, நாளைக்கு நான் உனுக்கு மீன் கொழம்பு குடுக்கச்சொல்ல நீ காசு எடுத்துக்கினு வருவியா?”

சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகளில் கிண்ணம் போவதும் நிரம்பித் திரும்புவதும்தான் உறவு. அதற்கு விலை சொன்னால் உறவை முறித்த மாதிரி. இதிலேயே பிறந்து வளர்ந்தவள், நான்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். போயும் போயும் கிண்ணத்திலா சாம்பிள் கொடுப்பேன்!

பயிற்றுநர் அறிக்கையில் எழுதிவிட்டார்: ‘இந்தப் பகுதியில் இப்பொருளுக்குச் சந்தை இல்லை.’ எழுதிவிட்டு ஆறுதலாக, “விடுங்க அக்கா. உங்களுக்கு வேலை இருக்குதானே, பேசாம அதையே பாருங்க,” என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “சார், தப்பு எடத்துல கடை போட்டேன், ஒத்துக்கறேன். அதுக்கோசரம் எங்க ஊர்ல வாங்க ஆளே இல்லைன்னு எழுதுவீங்களா? சனிக்கெழம வரைக்கும் ட்ரெயினிங் கீதுல்ல? அன்னிக்குக் காலைல முதல் ரயிலுக்கு ஸ்டேஷனாண்ட வாங்க.”

“முதல் ரயிலுக்கா?” என்று விழித்தார்.

“ஏன், செத்த ஊருதான? எழுந்திருக்க பயமா?”

சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கிண்ணம் இல்லை, தட்டு இல்லை. ஒவ்வொரு அடையையும் சுருட்டி, பாதிவரைக்கும் காகிதம் சுற்றி, கூடையில் நிற்கவைத்திருந்தேன். அதே அறுபது. பயிற்றுநர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார்.

எங்கள் ஊரின் இன்னொரு பகுதியான பாலகாட் பக்கமிருந்து ஒரு ஆட்டோ நிறைய பெண்கள் வந்து இறங்கினார்கள். கூடைமேல் நான் சாய்த்து வைத்திருந்த பலகையில் விலையைப் படித்துவிட்டு நேராகப் போய்விட்டார்கள். கூடையை இன்னும் கொஞ்சம் வழிப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பணத்தை எடுத்து நீட்டினார்.

“ரெண்டு குடு.”

எனக்கே கை நீளவில்லை. “அக்கா, உன்னாண்ட எப்டி...”

“ஏய், வாங்குமே. ஊட்ல நீ எனுக்குத் தங்கச்சி. இங்க நானு பாசெஞ்சரு. பாசெஞ்சரு இன்னா கிண்ணமா தூக்கினு வருவான்?” சொல்லிவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்களைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். “இன்னாங்கடி, டிபன் டப்பாவ தொறக்க எடம் கீதா உங்குளுக்கு? இத வாங்குங்க, நின்னுக்கினே துன்னலாம்!”

திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் லைன்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புதன்கிழமை சுண்டலும் வெல்லமும் கொடுத்த அதே கைகள் சில்லறையைக் கொடுத்து அடையை வாங்கிக்கொண்டு போயின. ரயில் ஊதுவதற்கு முன்னால் கூடையில் இரண்டு உடைந்த அடைதான் மிச்சம். ஒன்றைப் பயிற்றுநருக்குக் கொடுத்தேன். ஒரு கையில் குறிப்பேடு, இன்னொரு கையில் அடை. சாப்பிட்டு முடித்தபிறகுதான் ‘ஒரு கையால்’ என்று நான் எழுதியது அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது, தலையை ஆட்டினார்.

ஆனாலும் வகுப்பில், அறிக்கையில் எழுதியதை அடிக்க முடியாது என்றார். மேலிடத்துக்கு நகல் போய்விட்டதாம். ஒரே நாள் விற்பனையை வைத்துச் சந்தை என்று சொல்ல முடியாதாம். நான் விடவில்லை.

“ஒரே நாள் விக்கலைன்னு வெச்சி மட்டும் இல்லைன்னு எழுதலாமா? அடிக்க வாணாம் சார். அதுக்குக் கீழ எடம் கீதுல்ல? பேனா குடுங்க.”

கொடுத்துவிட்டார். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்த அந்தத் தாளில், தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘சந்தை இருக்கிறது. காலையில் வந்து பார்க்கவும்.’ கீழே கையெழுத்தும் போட்டேன். பயிற்சி முடித்தவர்களுக்குக் கடன் வாங்கத் தருகிற பேங்குக்கான சிபாரிசுக் கடிதம் எனக்கு இன்றுவரை வரவில்லை. கேட்டுக்கொண்டு நான் போய் நிற்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர்தான் கூடையைத் தூக்கிவந்தார். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பாசெஞ்சருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அடையை எடுத்துக்கொண்டு, எல்லாரையும் போல விலையைக் கூடையில் போட்டுவிட்டு, உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் போன் செய்தார். “உன் மெஷின் காலியா கிடக்குது. வரியா, இல்லியா?”

“வேற ஆள உக்காரவெச்சிடுங்க சார்,” என்றேன். “நாளைக்கு நூறு அடை. கீரை உருவிக்கினு கீறேன், அப்பறமா பேசறேன்.”