மெஷினைப் பார்க்க வந்தவர்கள்

தாம்பரம் பக்கம் ஒரு சிப் கம்பெனியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். போனிலும் காரிலும் வைக்கிற சிப்பைச் சோதித்து, பழுதானதை ஒதுக்குவது என் மெஷினின் வேலை. உள்ளே தூசி ஆகாது. அங்கே குங்குமமும் தூசிதான். தினமும் வாசலில் பொட்டை அழித்துவிட்டுத்தான் நுழைவேன். ரங்கநாதரிடம் அதற்கு மன்னிப்புக் கேட்காத நாள் இல்லை.

போன வருஷம் ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் நின்றது, பிறகு ஒரு ஷிப்டே நின்றது. மூடிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தபோது வெளியூர்க்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். புது ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

பக்கத்து மெஷின் அக்கா காதோரம் சொன்னாள்: "நல்லா காட்டுடி. இவங்க கையிலதான் நம்ம சோறு கீது."

"நீ மொதல்ல கொட்டாவி வுடாம நில்லுக்கா."

எந்த இடத்தில் சிப் சிக்கும், எப்படி எடுத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினேன். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு "வெரி குட்" என்றார். அந்தச் சனிக்கிழமையே திருநீர்மலை ஏறி, ரங்கநாதருக்குத் துளசி மாலை சாத்தி, அழுதுகொண்டே நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எங்களை கேன்டீனில் உட்காரவைத்துச் சொன்னார். வந்தவர்கள் பிளாண்டையே விலைக்கு வாங்குகிறார்களாம்.

"ஏன் சார் விக்கணும்? மெஷின் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதும்மா. ஆனா சீக்கிரம் பழசாயிடுது. புதுசு வாங்க கம்பெனிக்கு வழியில்ல. ஆர்டர் இல்லாம சும்மா நின்னாலும் கரண்ட், ஏசி எதையும் நிறுத்த முடியாது. அதான் டிசைன மட்டும் வெச்சுக்கிட்டு, செய்யற வேலைய வெளிய குடுத்துடறாங்க."

"அப்ப நாங்க?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிளாண்டுன்னாலும் மெஷின மட்டும்தான் வாங்கறாங்கம்மா. வேற ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நல்லாத்தான் காட்டினோம்டி," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

வேலை கேட்டுப் பெருங்களத்தூர் வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிவிட்டேன். எல்லா இடத்திலும் வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாற்பத்திரண்டு என்றதும் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் விளக்கேற்றுகிறேன். கை தானாகக் குவிகிறது. ரங்கநாதரிடம் எதுவும் கேட்பதில்லை. கொடுத்தது எது, எடுத்தது எது என்று எனக்குத்தான் தெரியவில்லையே.