மருமகனுக்கு ஒரு மெல்லிய லெப்டொப்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி என் மூத்த மகளைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த மருமகன் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், ஒரு தொழுகைப் பாய், ஒரு லெப்டொப். சூட்கேஸை அவரே தூக்கிக்கொண்டார். மரியாதைக்காக லெப்டொப் பையை நான் கை நீட்டி வாங்கினேன். வாங்கிய கை அப்படியே கீழே போனது. லொறி பெட்டரியின் பாரம். பாலாவி உப்பளத்தில் மூட்டை பிடித்துப் பழகிய கை என்பதால் நிலத்தில் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மருமகனின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்து இங்கே குடியேறியது. அவர் பிறந்தது புத்தளத்தில்தான். யுத்தம் முடிந்த பிறகு மன்னாரில் பழைய வளவு நிலங்களைத் துப்புரவாக்கி வீடு கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கட்டுவிக்கிறவர் அநேகமாகக் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். ஒரு கல் வைக்குமுன்னே வீடு எப்படி வரும் என்று பார்க்க ஆசைப்படுவார். வாசலால் நுழைந்து, மண்டபத்தைக் கடந்து, குசினி அடுப்பு வரைக்கும் நாமே நடந்து போவது போல ஒரு வீடியோ செய்து அனுப்புவது மருமகனின் தொழில். இல்லாத வீட்டுக்குள் ஆட்களை நடக்கவிடுவதற்கு யாராவது காசு தருவார்களா என்று நான் முதலில் யோசித்தேன். தருகிறார்கள்.

அவருடைய லெப்டொப் கேமிங் லெப்டொப் என்று மகள் சொன்னாள். மூடியில் ஏதோ மிருகத்தின் முகம். திறந்தால் எழுத்துகளுக்குக் கீழே சிவப்பும் பச்சையும் நீலமும் கலியாண மண்டபம் போல எரியும். வேலை தொடங்கிவிட்டால் தண்ணீர் மோட்டர் போல இரையும். வீட்டுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவியிடம் கேட்டேன். மனைவி மகளிடம் கேட்டாள். மகள் மருமகனிடம் கேட்டாள். கேள்வி போன வழியாலேயே பதில் திரும்பி மனைவியின் வாயால் வந்தது.

“துவக்கால சுடுற விளையாட்டு ஓடுற மாதிரித்தான் இந்த வீட்டுப் படமும் ஓடுமாம். ரெண்டுக்கும் கிராபிக்ஸ் பலமா இருக்கோணுமாம். அதுதான் அந்தத் தடிப்பாம்.”

நானும் மருமகனும் கதைப்பது இந்த வழியில்தான். மாமனும் மருமகனும் நேரே கதை வளர்ப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. நேருக்கு நேர் அவர் என்னிடம் சொன்னது “ஓம் மாமா” என்ற இரண்டு சொல் மட்டும். சாப்பிட உட்காரும்போது பெரிய பாரை மீனின் தலையை அவருடைய பீங்கானில் வைப்பேன். அது மாப்பிள்ளைக்கு உரியது. “நல்லா இருக்கா மகன்?” என்று கேட்பேன். “ஓம் மாமா” என்பார். அதற்காகவே எத்தாளைப் பக்கத்திலிருந்து வருகிற மீன்காரரிடம் தலை பெரிதான மீனாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் மகளுக்கு வயிற்றில் பிள்ளை. மருமகனின் பெரியம்மா மகன் ஒருவர் கட்டாரிலிருந்து, விசா தயாராக இருக்கிறது, வருவதா இல்லையா என்று சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீடியோ வேலை அப்போது வருவதும் போவதுமாக இருந்தது. தோஹாவில் இருக்கும் மன்னார்க்காரர் ஒருவர் மாடிவீடு ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டால், அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்களுக்கும் ஊரில் வளவுகள் உண்டு. அந்த வேலை எல்லாம் வந்தால் விசா தேவையில்லை. அது சரிவராவிட்டால் மருமகன் விமானம் ஏறவேண்டியதுதான்.

என் மகள் பிறந்தபோது நான் சவூதியில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவில் வந்து அவளை முதன்முதலாகத் தூக்கப் போனபோது, ஓடிப்போய் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “உம்மா, யாரோ வந்திருக்காங்க” என்றாள். அவளுடைய பிள்ளைக்கு அப்படி ஒரு யாரோ வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆக் கேட்டேன்.

பெருநாள் வந்தது. கலியாணம் முடிந்து வருகிற முதல் பெருநாளுக்கு மாப்பிள்ளைக்கு நல்ல சாமானாக ஒன்று கொடுப்பது பெண் வீட்டாரின் கடமை. உடுப்பு கொடுப்பார்கள், மணிக்கூடு கொடுப்பார்கள். நான் மருமகனின் தோளை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலை பேசுவதற்கு வண்ணாத்திவில்லு, மன்னார் என்று அந்தப் பையைச் சுமந்து பஸ்ஸில் போய் வருவார். வந்து சேர்ட்டைக் கழற்றினால் தோளில் பையின் பட்டி பதிந்த அடையாளம் இருக்கும். ஒரு மெல்லிய லெப்டொப் கொடுக்க வேண்டும் என்று நிய்யத் வைத்துப் புத்தளம் டவுனுக்குப் போனேன்.

“என்ன வேலைக்கு ஹாஜியார்?” என்று கடைக்காரத் தம்பி கேட்டார். நான் ஹஜ் செய்தவன் அல்ல. தாடியைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள்.

“மருமகனுக்கு” என்றேன்.

“அப்ப இது” என்று ஒன்றை எடுத்து இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார். வெள்ளி நிறம். சாப்பாட்டுத் தட்டை விட மெல்லிசு. மூடியில் மிருகம் ஒன்றும் இல்லை. “பலமானதும் இருக்கு ஹாஜியார். ஆனா அது தடிப்பு, பாரம், சத்தமும் போடும். மெல்லிசு வேணுமெண்டா பலத்தை விடோணும். பலம் வேணுமெண்டா அழகை விடோணும். ரெண்டும் ஒண்டா வாறது இல்ல.”

“மருமகனுக்குத்தானே, அழகா இருக்கட்டும்” என்றேன்.

பெருநாள் தொழுகை முடிந்து சொந்தக்காரர்கள் வந்திருந்த நேரத்தில் அதைக் கொடுத்தேன். எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பாரமே இல்லை, மாஷா அல்லாஹ் என்றார்கள். அந்தச் சந்தோசத்தில் எனக்கு இன்னொரு நல்ல காரியமும் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிவாசல் ஒபீஸில் கம்பியூட்டர் பழுதாகிவிட்டது, யாராவது ஸதகாவாக, தர்மமாகக் கொடுத்தால் நல்லது என்று ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்திருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு எதற்கு?

“பழையதைப் பள்ளிக்குக் குடுப்பமா மகன்?”

மருமகன் மகளைப் பார்த்தார். மகள் தாயைப் பார்த்தாள். தாய் வட்டிலப்பத் தட்டைப் பார்த்தாள்.

“ஓம் மாமா” என்றார் மருமகன்.

பெருநாள் உடுப்போடு நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நன்மை பாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. புதியது சத்தமே போடாது. ஆனால் மருமகன் தனக்கு வைத்திருந்த மேசை விசிறியை லெப்டொப்பின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு நாள் அதன் அடியில் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். பாத்தியில் தண்ணீரை மெல்லிசாக விட்டால் வெயில் ஏறுமுன்னே கொதிக்கும், ஆழமாக விட்டால் தாங்கும். இது உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். லெப்டொப்புக்கும் அப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. புதுச் சாமான், சூடு பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மருமகன் பின்னேரம் அஸர் தொழப் போனால் இரவு இஷாவும் தொழுது முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் அப்படி. தொழுகைக்கு இடைப்பட்ட நேரமெல்லாம் பள்ளி ஒபீஸில் இருக்கிறாராம். இந்தக் காலத்து வாலிபர் பள்ளியை விட்டு வர மனமில்லாமல் இருப்பதைக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பிறகு திடீரென்று தொழுத கையோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார். முகம் சரியில்லை. இரண்டு நாள் கழித்து மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“மருமகன் போறாராம்.”

“எங்க, பள்ளிக்கா?”

“கட்டாருக்கு.”

சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்கிற மோதினார் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார். மருமகனுக்கு இங்கே ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். அண்ணன் முறையில் என்னை அவர் நானா என்பார்.

“நானா, அவர் ஒபீஸ்ல என்ன செஞ்சார் எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

“குர்ஆன் ஓதுறார் எண்டு நினைச்சன்.”

“வீடு கட்டினார் நானா. மாடியும் வச்சு.”

“ஒபீஸுக்குள்ளயா?”

“உங்கட அந்த லெப்டொப்லதான். கரண்டுக்கு எண்டு ஒவ்வொரு நாளும் உண்டியல்ல போட்டுட்டுத்தான் போவார், அதைக் குறை சொல்லப்படா. ஆனா தொழ வரக்குள்ளயும் அதை ஓட விட்டுட்டு வருவார். ஒபீஸ் மைக்குக்குப் பக்கத்து அறை. இஷாத் தொழுகையில அந்த இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்டிருக்கு. ஒரு மனுசன் வந்து, பள்ளியில மில் போட்டிருக்கீங்களா, மிளகாய்த்தூள் அரைக்க ஏலுமா எண்டு கேட்டார்.”

“பிறகு?”

“பிறகென்ன, நிருவாகத்தில கூடினாங்க. பள்ளிச் சாமானைச் சொந்த வேலைக்குப் பாவிக்க ஏலாது எண்டுட்டாங்க.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“ஓம் எண்டார்.”

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புதியதில் வீடியோ செய்யப் போனால் சூடாகி மெதுவாகிறதாம், பிறகு பாதியில் நின்றுவிடுகிறதாம். தோஹாக்காரரின் வீடு மாடிப்படி வரைக்கும் வந்து நிற்கிறதாம். கொடுப்பதாகச் சொன்ன நாள் நெருங்கிவிட்டதாம்.

“இதை ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“நீங்க ஆசையா வாங்கிக் குடுத்த பெருநாள் சாமான். ஆரு சொல்றது? மகள் சொல்லச் சொன்னாள்தான். மாமாட மனம் நோகும் எண்டு அவர் விடல்ல.”

இன்னொன்று வாங்க அந்த வருடம் எனக்கும் வசதியில்லை, அவருக்கும் வசதியில்லை. மழை முந்தி வந்து உப்பைக் கரைத்திருந்தது. அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கூடாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் அஸருக்குப் பிறகு, தெரிந்ததையே கேட்பதற்குப் பள்ளி இமாமான ஹஸ்ரத்திடம் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“ஸதகாவைத் திருப்பி எடுக்க ஏலாது” என்றார் ஹஸ்ரத். நான் எழும்பப் போனேன். “இருங்க. அந்தச் சாமான் ஆர்ட?”

“மருமகன்ட.”

“குடுத்தது ஆரு?”

“நான்.”

“அவர் மனசாரச் சம்மதிச்சாரா, இல்ல உங்களுக்கு வெட்கப்பட்டுச் சம்மதிச்சாரா?”

“ஓம் மாமா எண்டு சொன்னார் ஹஸ்ரத்.”

“அதை அவர் எனக்கும் சொல்லுவார். வெட்கத்துக்காக ஒருத்தர் விட்டது, குடுத்ததாகாது. கூப்பிடுங்க, அவரிட்டயே கேப்பம். நீங்களும் இருக்கோணும்.”

மோதினார் போய் மருமகனைக் கூட்டிவந்தார். கூட்டிவந்தவர் போகாமல், ஏற்கனவே கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு நின்றார்.

ஹஸ்ரத் நேரே கேட்டார். “மகன், பெருநாளண்டு அந்த லெப்டொப்பைப் பள்ளிக்கு நீங்க மனசாரக் குடுத்ததா?”

ஓம் என்றால் லெப்டொப் பள்ளிக்கு, மருமகன் கட்டாருக்கு. இல்லை என்றால், தன் தொழில் சாமானைத் தன் விருப்பமில்லாமல் மாமனார் தூக்கிக்கொண்டு போனார் என்று மாமனாரின் முகத்துக்கு முன்னாலேயே சொல்வதாகும். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைமார் அதைச் சொல்வதை விடக் கட்டாருக்குப் போவார்கள். அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லுங்க மகன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் சொல்லி அவர் சொன்னால் அதுவும் “ஓம் மாமா” தான். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஸலவாத்து ஓதினேன். விளக்குமாறும் நின்றுவிட்டது.

“இல்ல ஹஸ்ரத்” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா கோவிக்கப்படா” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வுழூச் செய்து கை கால் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பள்ளிக்கு ஒன்று இல்லாமல் போகக்கூடாது என்று மருமகனே புதியதைக் கொண்டுவந்து வைத்தார். “இது மனசாரவா?” என்று ஹஸ்ரத் கேட்டார். “ஓம், இது மனசார” என்றார். “வாங்கிக் குடுத்தவர்?” என்று என்னையும் கேட்டார். நானும் மனசார என்றேன். அறிவித்தல் அடிக்கிற வேலைக்கு அது மெத்தப் பொருத்தம். சத்தமில்லை, சூடில்லை, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டலாம். பழையதன் மூடியில் இருந்த மிருகத்தின் மேல் தொழுகை நேர அட்டவணையை மோதினார் ஒட்டியிருந்தார். அதைக் கிழிக்க வேண்டாம் என்று மருமகன் அப்படியே எடுத்து வந்தார்.

வீடு திரும்பவும் இரையத் தொடங்கியது. தோஹாக்காரரின் மாடிவீடு முடிந்த அன்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். வாசலால் போனோம், மண்டபத்தால் போனோம், மாடிப்படியிலும் நிற்காமல் ஏறினோம். நான் செருப்பை வெளியில் கழற்றியிருந்தேன்.

“குசினி சின்னது போல இருக்கே மகன்.”

“இல்ல மாமா, அது போதும்.”

தோஹாவில் இருந்தவரின் அறையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வளவுப் படங்கள் வந்தன. பெரியம்மா மகனுக்கு மருமகன் தானே போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னார். பேத்தி பிறந்தபோது காதில் பாங்கு சொன்னது அவளுடைய வாப்பா, மருமகனேதான். எனக்குத் தெரிந்து அவள் யாரைக் கண்டும் அலுமாரிக்குப் பின்னால் ஓடியதில்லை.

அவள் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பெரிய பாரை கிடைத்தது. தலையை எடுத்து மருமகனின் பீங்கானில் வைக்கப் போனேன்.

“இல்ல மாமா” என்றார். “எனக்கு மீன் தலை சரிவராது. கண்ணைப் பார்த்தா சாப்பிட ஏலாது.”

கலியாணத்திலிருந்து அவர் சாப்பிட்டு முடித்த தலைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். தலையை என் பீங்கானில் வைத்துக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொன்னேன்.