பதினொரு வயதின் உயரம்

அன்று ஸ்ரீரங்கத்தில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை. என் மகளுக்கு விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிப் போயிருந்தேன். பதினொரு வயதிலேயே என் காதைத் தொட்டுவிட்டாள். மற்ற ஆசிரியைகள் அதைச் சொல்லச் சொல்ல, நானே இழுத்து வளர்த்ததைப் போல எனக்குப் பெருமை.

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் ஆயும் ஓர் அம்மா தன் பெண்ணைச் சேர்க்க வந்தார். மருங்காபுரிப் பக்கம் மழை இல்லாமல் பிழைக்க வந்த குடும்பம். சான்றிதழில் பதினொரு வயது. பெண்ணைப் பார்த்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை போலிருந்தது.

“இது யாரோட சர்ட்டிஃபிகேட்? அக்காவோடதா?”

“இவளோடதுதாங்க டீச்சர். இவளுக்கு அக்கா கிடையாதுங்க.”

“எட்டு வயசுகூட இருக்காதே!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதோடு விடவில்லை. என் மகளைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிறுத்தி, “பதினொரு வயசுன்னா இப்படி இருக்கணும்” என்றேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா வாதாடவில்லை. மகளின் தாடையைப் பிடித்து, “வாயைத் திற பாப்பா, டீச்சர் பல்லைப் பாக்கட்டும்” என்றார். அது அண்ணாந்து வாயைத் திறந்தது. மாட்டுச் சந்தையில் பார்ப்பதைப் போல நானும் எட்டிப் பார்த்தேன். கடைவாய் வரை பால்பல் விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தன.

“வயசு ஏறிடுச்சுங்க, வளத்திதான் ஏறலை. கைப்பிள்ளையில ஓயாம வயித்துப்போக்கு. எங்களுக்கே அப்ப ஒரு வேளைக் கஞ்சிதாங்க.”

கையெழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று மாலை என் அம்மாவிடம் சொன்னேன், என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து.

“நீயும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தே. அப்பாவுக்கு வேலை இல்லாதப்போ பெருமாள் பிரசாதத்துலதான் பாதி நாள் ஓடித்து. மூணாம் க்ளாஸான்னு யாரோ கேட்டான்னு அழுதுண்டு வந்தியே, மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். நிரந்தரச் சம்பளமும், தினமும் பாலும் நெய்யும் வந்த பிறகு பிறந்தவள் என் மகள். அவளை வைத்து ஊரையே அளந்திருக்கிறேன்.

அந்தப் பெண் எங்களிடம் பத்தாம் வகுப்புவரை படித்தாள். மளமளவென்று வளர்ந்தும் என் தோளைத்தான் எட்டினாள். கடைசி நாளன்று தனியாகக் கூப்பிட்டு, “சேர்க்கை அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா” என்றேன்.

“பரவால்லை டீச்சர். அம்மாதான் அதுக்கப்புறம் ஸ்கூல் பக்கமே வரலை. மீட்டிங்குக்கு எல்லாம் அத்தையைத்தான் அனுப்புவாங்க.”

அந்தச் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அந்த அம்மாவைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“பாப்பா இப்ப வளந்துட்டாளுங்க டீச்சர்.”