உலகம் முழுக்க ஒரே தொப்பை

போன மாதம் எங்கள் பள்ளிக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. வைக்கோலை விலக்கி ஒவ்வொரு பொம்மையாக எடுத்து மேசையில் வைத்தேன். சீனர், அரேபியர், ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், எஸ்கிமோ... ஐந்து பேருக்கும் ஒரே தொப்பை!

தொப்பை மட்டுமா? ஐந்து பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் வாய் திறந்த மூட்டைகள். கொலுவில் அரிசி, பருப்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே செட்டியார் பொம்மை — அவரேதான். நிறத்தையும் தொப்பியையும் மாற்றி நாட்டை மாற்றியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பள்ளியில் கண்காட்சி, டீச்சருக்கு ஒரு தலைப்பு. 'உலகின் பண்பாட்டு மண்டலங்கள்' என்ற தலைப்பு எனக்கு. நன்றாகச் செய்தால் பத்தாம் வகுப்பு வரலாறும் புவியியலும் என் கைக்கு வரும். இல்லையென்றால் வழக்கம்போல பி.டி. சாருக்கு. அவர் ஒரு பையனைப் பாடம் வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் அட்லஸ் என்னுடையது. (சோவியத் ரஷ்யா உடைந்ததில் அதில் சில பக்கங்கள் இப்போது செல்லாது — அது வேறு வயிற்றெரிச்சல்.) ஒரே வெயிலுக்கு ஒருவன் கூடாரம் போடுகிறான், இன்னொருவன் மண்சுவர் எழுப்புகிறான். ஏன் என்று புரிந்த நாளில் எங்கள் தெருவே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கா பஞ்சம்? சித்தி பெயின்ட் அடிக்கும் கம்பெனியில்தான் ஆர்டர் கொடுத்தேன். எந்த நாட்டுக்கு என்ன உடை என்று படமே வரைந்து கொடுத்தேன். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே போனேன்.

"படத்துல எல்லாரும் நிக்கிறாங்களே சித்தி. இதுல எல்லாம் உக்காந்திருக்குது."

"நிக்கிற அச்சு எல்லாம் சாமிம்மா. நாலு கை இருக்குது. பரவாயில்லன்னா சொல்லு, அதுல ஊத்தச் சொல்றேன்."

புது அச்சு? கொலு சீசன் முடியும்வரை பேச்சே கிடையாதாம். எஸ்கிமோவைத் தூக்கிக் காட்டினேன். உடம்பு முழுக்கக் கம்பளி மாதிரி வெள்ளை பூசியிருந்தார் சித்தி. தொப்புள் மட்டும் அப்படியே தெரிந்தது. முன்னால் இருந்த துவரம் பருப்பும் வெள்ளை.

"இது என்னா?"

"ஐஸு. அந்த ஊருல வேற என்னா கெடைக்கும்? நீதான சொன்ன."

நான் திரும்பியதும் சித்தி பக்கத்தில் இருந்தவர்களிடம், படித்தவளுக்கு எல்லாவற்றிலும் குறைதான் என்று அங்கலாய்த்தது என் காதில் விழுந்தது.

வேறு வழி? பொம்மைகளை வைத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய எழுத்தில் அட்டை: 'எஸ்கிமோ — வேட்டை, மீன்பிடிப்பு.' யாராவது படித்தார்களா என்கிறீர்கள்?

சிறப்பு விருந்தினர் வந்தார். எஸ்கிமோவிடம் குனிந்தார். விளக்கம் சொல்ல நான் நிறுத்தியிருந்த பத்தாம் வகுப்பு சுமதி கையில் குச்சியோடு நின்றிருந்தாள். தொப்பையைப் பற்றிக் கேட்டால் பத்தாம் வகுப்பு போச்சு. நல்லவேளை, அவர் மூட்டையைக் காட்டி என்ன என்று கேட்டார். ஐஸ் கட்டி என்றாள்.

"விக்கிறாரா?"

"வாங்க ஆளு இல்லீங்க சார். அதான் சும்மா ஒக்காந்திருக்காரு."

விருந்தினர் சிரித்தார். உடனே தாளாளரும் சிரித்தார். அப்புறம் கூட்டமே சிரித்தது. மனதில் பதியும்படி கற்பிக்கிறேன் என்று மேடையில் எனக்குப் பாராட்டு. அடுத்த திங்கட்கிழமை பத்தாம் வகுப்பு என்னிடம் வந்தது.

சும்மா இருந்தேனா? பனிப்பிரதேசத்தை ஒரு வாரம் நடத்தினேன். சீல் வேட்டை, தோல் படகு, நாய் இழுக்கும் வண்டி... தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நேற்று அந்த வகுப்பின் முதல் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். துருவப் பகுதி மக்களின் முக்கியத் தொழில் யாது? முதல் தாள்: ஐஸ் வியாபாரம். இரண்டாவது: ஐஸ் வியாபாரம். வகுப்பு மொத்தமும் ஐஸ் வியாபாரம்! சுமதி மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தாள்: 'ஆனால் விற்பனை மந்தம்.'

எல்லாருக்கும் தப்பு போட்டேன். சுமதிக்குக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன். அந்த வழியாகப் போன பி.டி. சார் நின்று, தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் எடுத்தப்ப ஆளுக்கு ஒரு தப்பு எழுதுவாங்க டீச்சர். நீங்க வந்தப்புறம்தான் புள்ளைங்ககிட்ட ஒரு ஒத்தும வந்திருக்குது."